குணத்துக்கு ஓர் உபகாரச் சம்பளம்

பெரியோர் ஒருவர் காலமானால் அவருக்கு ஞாபகச் சின்னம் வேண்டுமென்று கூட்டம் கூடுவதும், தீர்மானம் நிறைவேற்றுவதும், பணம் திரட்டுவதும் நமது நாட்டில் நெடுநாளைய வழக்கம். திரண்ட பணத்தைக் கொண்டு சிலை வைப்பதா, மண்டபம் கட்டுவதா, அல்லது மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்துவதா என்ற விவாதமும் உடனே எழும். உபகாரச் சம்பளமே மேல் என்பாரது கட்சியைச் சேர்ந்தவர்கள் நாம். ஆயினும் அவ்வாறு முடிவு செய்தபின் கேட்கவேண்டிய பெரிய கேள்வியை நம்மவர் பெரும்பாலும் கேட்பதில்லை. யாருக்குக் கொடுப்பது? பரீட்சையில் முதல்வனாகத் தேறியவனுக்கு என்றால் காரியம் சுலபம். மார்க்குப் பட்டியலைப் பார்த்துக் காசோலை எழுதிவிடலாம். நற்குணமும் பொதுத்தொண்டும் உடையவனுக்கு என்றால், குணத்தை எந்தத் தராசில் நிறுப்பது? அத்தராசு யார் கையில் இருப்பது?

இவ்விஷயத்தில் நாம் ஆராய்ந்து பார்க்கவேண்டிய திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. ஸிஸில் ரோட்ஸ் என்ற ஆங்கிலேயர் தமது உயிலின் மூலம் ஏற்படுத்திய உபகாரச் சம்பளமே அது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் ஸர்வகலாசாலையில் நின்ற அவரது சிலை, மாணாக்கர் கிளர்ச்சியின் பயனாக அகற்றப்பட்டது. சிலை போயிற்று; சம்பளம் நிற்கிறது. இந்த விநோதத்தின் காரணத்தை விசாரிப்பது வீண்வேலையாகாது.

ரோட்ஸ் நமது பூஜைக்கு உரியவரல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1888-இல் டி பியர்ஸ் கம்பெனியை நிறுவி கிம்பர்லி வைரச் சுரங்கங்களைத் தம் கைக்குள் கொணர்ந்தவர் அவர். அச்சுரங்கங்களில் உழைத்த ஆப்பிரிக்கத் தொழிலாளர், ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே போகவொட்டாமல் வேலியிட்ட கொட்டடிகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1890 முதல் 1896 வரை கேப் காலனியின் முதன் மந்திரியாக இருந்தபோது, 1892-இல் வாக்குரிமைக்கு வேண்டிய சொத்தின் மதிப்பை இருபத்தைந்து பவுனிலிருந்து எழுபத்தைந்து பவுனுக்கு உயர்த்தும் சட்டம் நிறைவேறிற்று. ஏழை ஆப்பிரிக்கர் பலர் வாக்கு இழந்தனர். 1894-இல் வந்த கிளென் கிரே சட்டம் அவர்களது நிலத்தைத் துண்டு துண்டாக்கி, வெளியே கூலி வேலைக்குப் போகாதவன் தலையில் வரியும் விதித்தது. அவரது கம்பெனியின் படைகள் பிடித்த நாட்டுக்கு அவர் பெயரையே சூட்டி ரொடீஷியா என்றார்கள். இவ்வளவும் செய்தவர்தாம் 1902-இல் இறந்தபோது, உலகத்து வாலிபருக்குக் குணத்தின் பொருட்டுப் பரிசளிக்கச் சொல்லித் தமது செல்வத்தை விட்டுப்போனார்!

ஆனால் அந்த உயிலின் வாசகத்தை ஒரு வக்கீல் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தால், அதில் கற்கவேண்டியதும் இருக்கிறது. புத்தகப் புழுக்கள் மட்டும் தமக்கு வேண்டாமென்பது ரோட்ஸின் கருத்து. ஆகையால் மொத்தம் 200 மார்க்கு என்று வைத்துக்கொண்டால், கல்வித் திறமைக்கு 60, விளையாட்டுக்கு 40, சத்தியம், தைரியம், கடமையுணர்ச்சி, எளியோரிடம் இரக்கம், தன்னலமின்மை ஆகிய குணங்களுக்கு 60, சக மாணாக்கரிடம் அக்கறை கொண்டு அவர்களை நடத்திச்செல்லும் ஆற்றலுக்கு 40 என்று உயிலிலேயே வகுத்துவிட்டார். படிப்பின் பங்கு பத்தில் மூன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதைவிட நூதனமானது, மார்க்கு இடுவோர் யார் என்பதற்கு அவர் வகுத்த விதி. கல்விக்குப் பரீட்சை; தலைமைக் குணத்துக்குத் தலைமை ஆசிரியரின் தீர்ப்பு; விளையாட்டுக்கும் சத்தியம் முதலிய குணங்களுக்கும் சக மாணாக்கரின் ரகசிய வாக்கு! இது ஆழ்ந்த யோசனை. ஆசிரியர் முன்னிலையில் கைகட்டி நிற்பவன், விடுதியில் பாத்திரம் துலக்குகிறவரிடம் எப்படிப் பேசுகிறான் என்பது தோழருக்குத்தான் தெரியும். நடைமுறையில் இம்மார்க்குக் கணக்கு நிலைக்கவில்லை. கமிட்டிகள் நற்சாட்சிக் கடிதங்களைப் படித்து, நேரில் பேட்டி கண்டு தேர்ந்தெடுக்கும் முறையே வழக்கமாயிற்று. விதியில் இருந்த நல்ல அம்சம் ஒன்று இவ்வாறு மறைந்தது.

உயிலில் இன்னொரு வாசகமும் உண்டு. இனத்தையோ மதத்தையோ காரணமாகக் காட்டி எவரையும் தள்ளலாகாது என்பது அது. அதை எழுதியவர் மனத்தில் இருந்த இனபேதம் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் இடையிலானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் சாஸனத்தில் ஏறிய சொல், எழுதியவனுக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை. 1907-இல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்திலிருந்து ஆலன் லாக் என்ற நீக்ரோ வாலிபர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக்ஸ்போர்டில் பல கலாசாலைகள் அவரை ஏற்க மறுத்தன. ஹெர்ட்போர்டு கலாசாலை ஏற்றது. அமெரிக்கத் தென் மாகாணங்களிலிருந்து வந்திருந்த சக மாணாக்கர்கள் அவரோடு கலக்க விரும்பவில்லை. குணத்துக்குப் பரிசு பெற்றவர்கள் காட்டிய குணம் இது! அவருக்குப் பின் இன்னொரு கறுப்பு அமெரிக்கர் தேர்ந்தெடுக்கப்பட 1960-களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கோ 1977-இல்தான் கதவு திறந்தது. தென்னாப்பிரிக்காவில், வெள்ளையர் பிள்ளைகள் படித்த நான்கு பள்ளிக்கூடங்களுக்கு உயிலே தனிச் சம்பளங்களை ஒதுக்கிவிட்டிருந்தது. எளியோரிடம் இரக்கத்துக்கு மார்க்கு இட்டவர்கள், எளியோரின் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

இனி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் இருவரைப் பார்ப்போம். இருவரும் சட்டம் பயின்றவர்கள். இருவரும் 1930-களின் தொடக்கத்தில் ரோட்ஸ் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு சேர்ந்தவர்கள்.

ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆடம் வான் டிராட். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டில் அவர் தாய்நாடு திரும்பினார். 1939-இல் அமெரிக்கா சென்றிருந்தபோது, யுத்தம் மூண்டுவிட்ட நிலையில் அங்கேயே தங்கிவிடும்படி நண்பர்கள் வேண்டினார்கள். அவர் தங்கவில்லை, கொடுங்கோலனை உள்ளிருந்தே எதிர்க்கவேண்டுமென்று திரும்பிப்போனார். ஹிட்லரைக் கொல்ல நடந்த 1944 ஜூலை மாதத்துச் சதியில் பங்கு கொண்டதற்காக, அவ்வாண்டு ஆகஸ்டு 26-ந் தேதி பெர்லினில் தூக்கிலிடப்பட்டார்.

மற்றவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பிராம் பிஷர். பாட்டனார் முதன் மந்திரி, தகப்பனார் நீதிபதி, ஆளும் வெள்ளையர் குலத்தின் செல்லப்பிள்ளை. 1963-64-இல் நடந்த ரிவோனியா வழக்கில் நெல்ஸன் மண்டேலாவுக்கும் அவரது தோழருக்கும் வக்கீலாக நின்று அவர்கள் உயிரைத் தூக்குமேடையிலிருந்து காத்தவர்களுள் தலைவர். பிறகு அவரே கைதானார். லண்டன் பிரிவி கௌன்ஸிலில் ஒரு வழக்கை நடத்துவதற்காக ஜாமீனில் விடப்பட்டபோது, அங்கேயே தங்கிவிடும்படி பலர் சொல்லியும், கொடுத்த வாக்கின்படி ஊர் திரும்பினார். பின்னர் போராட்டத்தைத் தொடர்வதற்காக ஜாமீனை மீறித் தலைமறைவானார். பிடிபட்டு 1966-இல் ஆயுள் தண்டனை அடைந்தார். வக்கீல்கள் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 1975-இல் புற்றுநோயால் மாண்டபோது, அவரது அஸ்தியையும் சிறை அதிகாரிகள் திருப்பிக் கேட்டார்கள். 2003-இல்தான் அவர் பெயர் மீண்டும் பட்டியலில் ஏறிற்று.

சாம்ராஜ்யத்துக்குத் தூண்கள் வேண்டுமென்று ரோட்ஸ் பணம் வைத்தார். அந்தப் பணத்தில் படித்த ஒருவர், ரோட்ஸ் விதைத்த நிறவெறியின் அறுவடையை எதிர்த்துக் கைதியாகவே உயிர்விட்டார். இதில் வியப்பில்லை. உண்மையான குணத்தைத் தேடிப் பிடித்து வளர்த்தால், அது வளர்த்தவனது ஏவலைச் செய்யாது. தனது மனச்சாட்சியின் ஏவலையே செய்யும். இருவரது வாழ்க்கையிலும் ஒரே செயல் துலங்குகிறது. பத்திரமான இடத்தில் தங்கியிருக்க வழியிருந்தும், தம் ஜனங்கள் துன்புறும் இடத்துக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள்.

நமது நாட்டு மாணாக்கரும் 1947 முதல் இச்சம்பளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகின்றனர். அவர்களுள் கிரீஷ் கார்னாட் 1963-இல் திரும்பிவந்து, சென்னையில் ஆக்ஸ்போர்டு பிரசுராலயத்தில் வேலை பார்த்துக்கொண்டே தமது கன்னட மொழிக்கு நாடகங்கள் எழுதித் தந்தார். சிறை செல்வது ஒன்றே தொண்டு என்பதில்லை. கற்றதைத் தாய்மொழிக்குக் கொணர்வதும் திரும்பி வருதலே.

2002-இல் மண்டேலா தமது பெயரை ரோட்ஸின் பெயரோடு இணைத்து ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட இசைந்தார். ஆப்பிரிக்க வாலிபர் தென்னாப்பிரிக்க ஸர்வகலாசாலைகளில் மேற்படிப்புப் படிக்க அது உதவுகிறது. கொள்ளைக்காரன் பெயரோடு வீரன் பெயரைச் சேர்க்கலாமா என்று கோபித்தவர்கள் உண்டு. அக்கோபத்தில் நியாயமும் உண்டு. எனினும் ஆப்பிரிக்க மண்ணிலிருந்து எடுத்த செல்வம் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குத் திரும்புவதைத் தானமென்பதைவிடக் கடன் தீர்த்தலென்பதே பொருந்தும் என்று நாம் கருதுகிறோம்.

தலைவர்கள் பெயராலும், ஊர்ப் பெரியவர்கள் பெயராலும், இளமையில் மாண்ட மக்கள் பெயராலும் உபகாரச் சம்பளம் ஏற்படுத்த நினைக்கும் அன்பர்களுக்கு இவ்வரலாறு மூன்று புத்திமதிகளைச் சொல்லுகிறது.

முதலாவது, குணத்தை அறிய மேலிடத்தின் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொருவனுக்கும் நடத்தை நன்று என்று எழுதிக் கொடுப்பது நம்மூர் வழக்கம். சக மாணாக்கரைக் கேளுங்கள். அவன் உதவி பெற்ற ஏழைகளைக் கேளுங்கள்.

இரண்டாவது, தலைமை என்பதைச் சபை மேடையிலும் விளையாட்டு மைதானத்திலும் மட்டும் தேடாதீர்கள். அவை வசதி உள்ளவனுக்கு எளிதில் கிட்டும் இடங்கள். மாலையில் தம்பி தங்கையருக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு, தெருவிளக்கின் கீழே அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தரும் பெண்ணுக்குப் பதக்கமுமில்லை, பத்திரமுமில்லை. அவளைத் தேடிச் செல்லும் பொறுப்பு உங்களுடையது. உங்களைத் தேடிவரும் பொறுப்பு அவளுடையதன்று.

மூன்றாவது, அடக்கத்தையும் அடிமைத்தனத்தையும் ஒன்றாக எண்ணாதீர்கள். தோழன் ஒருவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தட்டிக் கேட்டதற்காகத் தண்டனை பெற்ற பையனது விண்ணப்பம் வந்தால், அதை ஒதுக்கிவிடாமல் இருமுறை படியுங்கள். டிராட்டுக்கும் பிஷருக்கும் அவர்கள் நாட்டு அரசாங்கங்கள் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் எது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

சிலைக்கு எண்ணெய் பூசி மாலை போட்டால் போதும். அது மறுமொழி சொல்லாது. உபகாரச் சம்பளமோ உயிருள்ள ஞாபகச் சின்னம். அது வளரும், கேள்வி கேட்கும், ஒருநாள் தன்னை நிறுவியவனையே எதிர்த்து நிற்கும். அதற்கு அஞ்சுகிறவர்கள் சிலையோடு நிற்கட்டும். அஞ்சாதவர்கள் நல்ல பிள்ளைகளைத் தேடிப் புறப்படுவார்களாக.