உருமாறும் ஆடியின் நுண்ணியக்கிகள்

நுண்ணியக்கிகள் என்பவை, மெல்லிய ஆடி ஒன்றின் பின்புறத்தைப் பல இடங்களில் தள்ளியும் இழுத்தும் அதன் வடிவத்தை மாற்றும் சிறு கருவிகள் ஆகும். வளிமண்டலக் கொந்தளிப்பால் தொலைநோக்கிப் படங்களில் ஏற்படும் மங்கலைக் குறைக்கும் தகவமை ஒளியியலில் இவை பயன்படுகின்றன.

தேவை

விண்மீனின் ஒளி தட்டையான அலைமுகப்பாகப் புவியை அடைகிறது. வெப்பநிலை வேறுபட்ட காற்றுத் திரள்கள் அதைக் கசக்கிவிடுகின்றன. விண்மீன்கள் மினுங்குவதும் இதனால்தான். இதனால் 8 மீட்டர் தொலைநோக்கியும், கட்புலனாகும் ஒளியில், ஏறக்குறைய 10 முதல் 20 செ.மீ. தொலைநோக்கி காட்டும் நுணுக்கத்தையே காட்டும். பெரிய ஆடி கூடுதல் ஒளியைத் திரட்டுமே தவிர, கூடுதல் தெளிவைத் தராது. இச்சிதைவை அளந்து உடனுக்குடன் திருத்தலாம் என்ற கருத்தை அமெரிக்க வானியலாளர் ஹொரேசு பாப்காக் 1953 இல் முன்வைத்தார்.

செயல்படும் முறை

அலைமுகப்பு உணரி சிதைவை அளக்கிறது. ஒவ்வோர் இயக்கியும் எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கணினி கணிக்கிறது. இச்சுற்று நொடிக்குப் பல நூறு முறை நிகழ்கிறது. தாமதித்தால் காற்று மாறிவிடும், திருத்தம் பொருந்தாது. ஆடி முன்னே நகர்ந்தால், ஒளி வரும் வழியும் திரும்பும் வழியும் குறைகின்றன. எனவே அலைமுகப்பின் ஒரு பகுதி 2 மைக்ரோமீட்டர் பின்தங்கியிருந்தால், ஆடியை அவ்விடத்தில் 1 மைக்ரோமீட்டர் முன்தள்ளினால் போதும்.

வகைகள்

அழுத்தமின் இயக்கி: மின்னழுத்தம் கொடுத்தால் நீளம் மாறும் பீங்கானால் ஆனது. விரைவானது. ஆனால் தயக்கப் பண்பு உடையது. அதாவது, மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரே நீளம் கிடைக்காது.

காந்தச் சுருள் இயக்கி: ஒலிபெருக்கியில் உள்ளது போன்ற கம்பிச்சுருள், ஆடியின் பின்புறம் ஒட்டப்பட்ட காந்தத்தைத் தொடாமலே நகர்த்துகிறது. சிலி நாட்டின் பரனால் வான்காணகத்தில், 8.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றின் இரண்டாம் ஆடி இவ்வகையைச் சேர்ந்தது. 1.12 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 2 மி.மீ. தடிப்பும் கொண்ட அதனை 1170 இயக்கிகள் வளைக்கின்றன.

நிலைமின் இயக்கி: சிலிக்கான் சில்லில் செதுக்கப்படும் மிகச் சிறிய வகை. பிற விண்மீன்களின் கோள்களைப் படமெடுக்க உருவாக்கப்பட்ட ஜெமினி கோள் படக்கருவியின் ஆடி ஒன்றில் இத்தகைய 4096 இயக்கிகள் உள்ளன.

பழுதின் விளைவு

காந்தச் சுருள் வகையில் ஓர் இயக்கி செயலிழந்தால், அண்டை இயக்கிகள் அவ்விடத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். ஆடியுடன் இணைந்துள்ள மற்ற வகைகளில், அசையாது நின்ற இயக்கி அவ்விடத்தில் மேட்டையோ பள்ளத்தையோ விட்டுவிடும். அங்கிருந்து சிதறும் விண்மீன் ஒளியில், அருகிலுள்ள மங்கலான கோள் மறைந்துபோகக்கூடும்.