ஒரே வெயில்... மூன்று எண்கள்!

அறுவடைக் காலத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் போனால், களங்களிலும் சாலையோரங்களிலும் மக்காச்சோளம் காய்வதைப் பார்க்கலாம். அதைக் காய வைக்கும் வெயிலுக்குக் கூலி கிடையாது. கரண்ட் பில்லும் கிடையாது!

ஒரு நாளில் அந்த வெயில் எவ்வளவு வெப்பம் தருகிறது? மூன்று புத்தகங்களைப் புரட்டினால், 5 என்று ஒன்றிலும், 18 என்று இன்னொன்றிலும், 430 என்று மூன்றாவதிலும் இருக்கலாம். எது சரி? மூன்றுமே சரிதான்! எப்படி என்று பார்ப்போமா?

சூடு வேறு, பாய்ச்சல் வேறு

கல்வராயன் மலை மேல் உள்ள வெள்ளிமலையில், கீழே கள்ளக்குறிச்சியில் இருப்பதைவிடக் காற்று குளுமையாக இருக்கும். அதனால் அங்கே வெயில் பலவீனம் என்று நினைத்து விடாதீர்கள். உயரம் கூடக் கூட, தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது. எனவே மேகமில்லாத நண்பகலில் மலை மேல் வெயில் சற்று வலுவாகவே விழும்.

காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத் தெர்மாமீட்டர் சொல்லும். ஒரு பரப்பின் மீது எவ்வளவு வெப்பம் வந்து பாய்கிறது என்பது வேறு அளவு. அதற்கு 'வெப்பப் பாய அடர்த்தி' என்று பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. அதில் மூன்றே கேள்விகள்:

எவ்வளவு வெப்பம்? எவ்வளவு இடத்தில்? எவ்வளவு நேரத்தில்?

ஒரு சதுர மீட்டர் இடத்தில், ஒரு விநாடியில், ஒரு ஜூல் வெப்பம் பாய்ந்தால் அது 'ஒரு சதுர மீட்டருக்கு 1 வாட்'. மேகமில்லாத நண்பகலில், வெயிலுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பலகை மீது ஏறத்தாழ 1,000 வாட் விழும். ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியின் சக்தி அது!

மூன்று எண்களின் ரகசியம்

தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் தரையில், ஆண்டுச் சராசரியாக நாள் ஒன்றுக்கு 5 கிலோவாட் மணியை ஒட்டி வெயில் விழுகிறது. கிலோவாட் மணி என்றால் வேறொன்றுமில்லை, கரண்ட் பில்லில் வரும் 'யூனிட்'தான்.

ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், அதாவது 3.6 மெகாஜூல். ஆக, 5 யூனிட் என்பது 5 x 3.6 = 18 மெகாஜூல்.

பழைய புத்தகங்களில் ஜூலுக்குப் பதில் கலோரியும், சதுர மீட்டருக்குப் பதில் சதுர சென்டிமீட்டரும் இருக்கும். ஒரு கலோரி என்பது 4.184 ஜூல். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர்கள் உள்ளன. எனவே 1,80,00,000 ஜூலை 4.184-ஆல் வகுத்து, பிறகு 10,000-ஆல் வகுத்தால் 430 கலோரி கிடைக்கும்.

பார்த்தீர்களா? வெயில் மாறவில்லை. அதை அளக்கும் 'படி'தான் மாறியது!

படி மாறினால் பயிர் வாடும்

'எண் எதுவானால் என்ன?' என்று கேட்காதீர்கள். மலைக் கிராமத்தில் ஒரு விவசாயி, கிணற்று மோட்டாருக்குச் சூரியத் தகடு வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்கு நாள்தோறும் 36 யூனிட் வேண்டும். விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத் தகடு மின்சாரமாக்கும். 5 யூனிட் வெயிலில் 1 யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆகவே 36 சதுர மீட்டர் தகடு தேவை.

கணக்குப் போட்டவர் '18 மெகாஜூல்' என்பதை '18 யூனிட்' என்று படித்து விட்டால்? சதுர மீட்டருக்கு 3.6 யூனிட் கிடைக்கும் என்று நம்பி, 10 சதுர மீட்டர் தகடே போதும் என்பார். தேவையான மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கடன் வாங்கித் தகடு போட்டும் பயிர் வாடும்!

வெயிலை அளந்த பெண்மணி

இந்தியாவின் வெயிலை முறையாக அளக்க உழைத்தவர் அன்னா மணி. 1918-இல் கேரளத்துப் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1948-இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டின்போது, நாட்டில் பல இடங்களில் வெயில் அளக்கும் நிலையங்களை அமைத்தார். எல்லாக் கருவிகளும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். இந்தியாவின் வெயில் அளவுகளைத் தொகுத்து 1980-இல் நூலாகவும் வெளியிட்டார். சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு அடிப்படை அத்தகைய அளவுகள்தான்.

நீங்களும் மாற்றலாம்

நிமிடத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கலோரி. இதை வாட் கணக்குக்கு மாற்ற மூன்றே படிகள்.

1. வெப்பத்தை மாற்று: 1 கலோரி = 4.184 ஜூல்.
2. இடத்தை மாற்று: 4.184 x 10,000 = 41,840 ஜூல்.
3. நேரத்தை மாற்று: 41,840 ÷ 60 = ஏறத்தாழ 697.

விடை, சதுர மீட்டருக்கு 697 வாட். பூமியின் காற்று மண்டலத்துக்கு வெளியே சூரிய வெப்பம் சுமார் 1.95 கலோரி என்று பழைய நூல்கள் கூறும். 697-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,359 வரும். இன்று விண்கலங்கள் அளந்து சொல்வது 1,361 வாட். எவ்வளவு பொருத்தம்!

இனி எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் நிற்கும் அலகையும் சேர்த்துப் படியுங்கள். அலகு இல்லாத எண், ஊர் பெயர் எழுதாத கடிதம் மாதிரி!

உங்களுக்கு ஒரு கணக்கு: நண்பகல் வெயிலின் 1,000 வாட், பழைய கணக்கில் நிமிடத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கலோரி?

(விடை: 1,000 ÷ 697 = சுமார் 1.43 கலோரி)