சம்பளம் இல்லாத ஒரு மாத வேலை: எந்த தொழில் ஒத்துவரும் என்று காட்டும் கோடை விடுமுறை பயிற்சி

தாம்பரம்:-

கல்லூரிகளில் கடைசி பரீட்சை முடிந்ததும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "அடுத்து என்னப்பா பண்ணப்போற?" பையன் வாயை திறப்பதற்குள் சித்தப்பா ஒரு படிப்பை சொல்வார். பக்கத்து வீட்டு மாமா ஒரு கம்பெனியை சொல்வார்.

இந்த நேரத்தில் "ஒரு மாசம் தொண்டு நிறுவனத்துல இன்டர்ன்ஷிப் போறேன்" என்று பிள்ளை சொன்னால், "சம்பளம் இல்லாம எதுக்கு வெயில்ல அலையணும்?" என்றுதான் பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு பதில் தேட தூரமாக போக வேண்டாம். நம் பகுதி கீழ்க்கட்டளை ஏரி வரை போனால் போதும்.

முடிச்சூர் வாலிபர்

அருண் கிருஷ்ணமூர்த்தி முடிச்சூரில் வளர்ந்தவர். கிழக்கு தாம்பரத்தில் உள்ள சென்னை கிறிஸ்தவ கல்லூரியில் படித்தார். கூகுள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஊரே பொறாமைப்படும் அந்த வேலையை விட்டுவிட்டு ஏரி, குளங்களை சீரமைக்க வந்தார். கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் திட்டத்துக்காக 2012-ல் அவருக்கு சர்வதேச ரோலக்ஸ் விருது கிடைத்தது.

இந்த கதையை கேட்டதும் வேலையை தூக்கி எறிய வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய இ.எப்.ஐ. அமைப்பு 2007-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. கூகுள் வேலையை விட்டது அதற்கு பிறகுதான். முதலில் இறங்கி செய்து பார்த்தார், அப்புறம்தான் முடிவெடுத்தார். கோடை விடுமுறை பயிற்சியும் இப்படி செய்து பார்க்கிற வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை வேலை வேறு

ஏரி சீரமைப்பு என்றதும் கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் பொறுக்குவது, செல்போனில் படம் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஞாயிற்றுக்கிழமை காலையில் 2 மணி நேரம் நடக்கிற வேலை. மற்ற நாட்களில் நடப்பது முற்றிலும் வேறு.

ஏரி யாருக்கு சொந்தம் என்பதே முதல் சிக்கல். நீர்வளத்துறையா, மாநகராட்சியா, ஊராட்சியா என்று சர்வே நம்பரை வைத்து கண்டுபிடிக்க வேண்டும். அனுமதி கடிதம் கைக்கு வராமல் பொக்லைன் எந்திரம் கரையில் ஏற முடியாது. வரத்து கால்வாய் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, எந்த தெரு கழிவுநீர் ஏரியில் விழுகிறது என்று நடந்தே பார்க்க வேண்டும். (2015 டிசம்பர் வெள்ளத்தை பார்த்த முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு வரத்து கால்வாய் பற்றி பாடம் எடுக்க வேண்டியதில்லை.) குடியிருப்போர் நலச்சங்கத்தில் 2 கோஷ்டி இருந்தால் 2 பேரிடமும் பேச வேண்டும்.

பயிற்சிக்கு வரும் மாணவன் இதில் ஏதோ ஒரு மூலையில் உட்கார வைக்கப்படுகிறான். அங்கேதான் விஷயமே இருக்கிறது. வரைபடத்தை விரித்து வைத்தால் நேரம் போவது தெரியாமல் உட்காருகிறானா, ஆகாயத்தாமரையையும் பறவையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறானா, அதிகாரியிடம் மனுவோடு போனால் காரியம் முடித்து வருகிறானா? சர்வே, தாவரவியல், சட்டம், சமூகப்பணி என்று எந்த பக்கம் போகலாம் என்பதற்கு மார்க் ஷீட்டை விட இது நல்ல துப்பு.

பி.காம். மாணவிக்கு ஏரியில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, ரூ.5 கோடிக்கு மேல் நிகர லாபம் உள்ள கம்பெனிகள், 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூக பணிக்கு செலவிட வேண்டும். அந்த பணம் தொண்டு நிறுவனத்துக்கு வந்தால் பில், போட்டோ, ரிப்போர்ட் எல்லாம் காட்டியாக வேண்டும். கணக்கு தெரிந்த ஆளுக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு.

பள்ளிக்கரணை சொல்லும் கணக்கு

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரி வழியாக பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு போகிறது. அந்த சதுப்பு நிலத்துக்காக பாடுபட்டவர் ஜெயஸ்ரீ வெங்கடேசன். கேர் எர்த் டிரஸ்ட் அமைப்பை 2000-ல் தொடங்கியவர்களில் ஒருவர். 2022-ல்தான் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அவருக்கு ராம்சார் விருது கிடைத்தது 2025-ல்.

ஆக 20 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. "ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் மாறலையே" என்று சலித்துக்கொள்ளும் மாணவர்கள் இதை கவனிக்க வேண்டும். இந்த வேகம் நமக்கு சரிப்பட்டு வருமா என்று தெரிந்துகொள்ளவும் அந்த ஒரு மாதம் உதவும். சரிப்படாது என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான். கடன் வாங்கி 2 வருடம் மேற்படிப்பு படித்துவிட்டு, வேலைக்கு போன ஆறே மாதத்தில் "எனக்கு பிடிக்கலைப்பா" என்று வந்து நிற்பதை விட, 30 நாளில் தெரிவது மலிவு.

ஆனால் ஒன்று. மேலே இருப்பவர் கத்தினார், வெயில் தாங்கவில்லை என்பதற்காக அந்த துறையே வேண்டாம் என்று முடிவு கட்டக்கூடாது. நல்லபடியாக போனாலும் உடனே மயங்கக்கூடாது. அங்கேயே 5 வருடமாக வேலை பார்ப்பவரிடம் "சார், சம்பளம் என்ன? வீட்டு வாடகை எப்படி சமாளிக்கிறீங்க?" என்று கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். பலர் கேட்காமல் வருவது இந்த கேள்வியைத்தான்.

பணம் கேட்டால் உஷார்

எல்லா வீட்டு பிள்ளைகளும் ஒரு மாதம் சும்மா போக முடியாது என்பதும் உண்மை. லீவில் துணிக்கடைக்கு போய் அடுத்த செமஸ்டர் பீஸ் சேர்க்கிறவர்கள் தாம்பரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன்னார்வலராக போய் பார்க்கலாம். போக்குவரத்து செலவு தருவார்களா என்று முதல் நாளே கேட்பதில் தப்பில்லை.

சர்டிபிகேட் தருகிறோம், இவ்வளவு பணம் கட்டு என்று யாராவது சொன்னால் அந்த பக்கமே போக வேண்டாம். தொண்டு நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை நிதி ஆயோக்கின் 'என்.ஜி.ஓ. தர்பன்' இணையதளத்தில் பெயரை போட்டு பார்க்கலாம். பயிற்சிக்கு மதிப்பெண் உண்டா என்று துறைத்தலைவரிடம் கேட்டு, கல்லூரி கடிதத்தை பரீட்சைக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. லீவு விட்டபிறகு போனால் கையெழுத்து போட ஆள் இருக்காது.