கணினி மாறினால் கேமராவும் மாற வேண்டுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பதிவுசெய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மேலும் ஓராண்டுக்கு அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பூதலூர், செங்கிப்பட்டி, திருக்காட்டுப்பள்ளி போன்ற ஊர்களில் முகூர்த்த மாதங்களை நம்பி ஸ்டுடியோ நடத்துகிறவருக்கு இது ஒரு கணினியின் விலையோடு முடிகிற செலவாக இருக்காது. கேமரா, ஸ்கேனர், பிரின்டர், ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருள் எல்லாம் அந்தக் கணினியோடு கோத்துக் கிடக்கின்றன. ஒன்றை மாற்றினால் இன்னொன்று முரண்டு பிடிக்கும். 'சாமான் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்' என்பதுதான் அப்போது கிடைக்கும் வழக்கமான ஆலோசனை. அந்த ஆலோசனை பாதிக்கு மேல் தவறு. ஒரு கருவி புதிய இயங்குதளத்தில் ஓடுமா, ஓடாதா என்பதை அதன் வயது அவ்வளவாகத் தீர்மானிப்பதில்லை. அது கணினியோடு பேசும் முறையை அதைச் செய்தவர்கள் ஊரறிய வெளியிட்டார்களா, தமக்குள் பூட்டி வைத்தார்களா என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கோளாறு எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்க்கலாம். கேமராவும் ஸ்கேனரும் இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் டிரைவர் என்ற சிறு நிரல் இருக்கிறது. இயங்குதளம் இடும் கட்டளையைக் கருவிக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வதும், கருவி தரும் தரவை வாங்கி ஒப்படைப்பதும் அதன் வேலை. கல்லணைக் கால்வாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் வாங்கும் மடை, கால்வாயின் நீர்மட்டத்தைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டது; கால்வாயின் மட்டம் இறங்கிவிட்டால் மடை முழுசாக இருந்தும் வயல் காயும். டிரைவரின் கதியும் அதுதான். 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவருக்கு இடமில்லை. 2007 தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பு, இயங்குதளத்தின் மையப் பகுதியில் ஓடும் டிரைவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பத்தையும் கட்டாயமாக்கியது. ஆப்பிள் 2019 அக்டோபரில் வெளியிட்ட கேடலினாவில் 32 பிட் மென்பொருள்கள் அடியோடு நின்றன. ஒவ்வொரு முறையும் கருவியைச் செய்த நிறுவனம் டிரைவரைத் திருத்தி எழுத வேண்டும். விற்பனை நின்றுபோன மாடலுக்காக அதை எழுதுவதில் நிறுவனத்துக்கு ஒரு காசும் வராது. ஆகவே எழுதுவதில்லை. தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த வரவு செலவுக் கணக்குதான்.

வயது காரணமில்லை என்பதற்கு ஒரே கேமராவின் இரண்டு பாதிகளே சாட்சி. இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டை எடுத்து, ஒரு கார்டு ரீடரில் செருகி, இன்றைய கணினியில் இணைத்தால் படங்கள் உடனே திறக்கின்றன. அதே கேமராவோடு வந்த சிடியில் இருக்கும் மென்பொருளோ பெரும்பாலும் நிறுவவே மறுக்கிறது. கேமரா ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். விதி மட்டும் இரண்டு. கார்டு பிழைத்ததற்குக் காரணம், அதில் இருக்கும் ஒவ்வொன்றும் பொதுத் தரம் என்பதே. 1992-இல் தரமான ஜேபெக், படம் எடுத்த நாளையும் கேமராவின் பெயரையும் படத்தோடு பதியும் 1995-ஆம் ஆண்டின் எக்ஸிஃப், எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் படங்களை டிசிஐஎம் என்ற ஒரே பெயருள்ள அடைவில் வைக்கச் சொன்ன 1998-ஆம் ஆண்டின் டிசிஎஃப் என எல்லாம் எழுதி வெளியிடப்பட்டவை. போட்டி நிறுவனங்கள் கூடி ஒப்புக்கொண்டவை. அந்த ஏட்டைப் படித்து யார் வேண்டுமானாலும் நிரல் எழுதலாம் என்பதால், கேமராவைச் செய்த நிறுவனம் கைவிட்டாலும் படம் கைவிடப்படவில்லை. சிடியில் இருந்த மென்பொருளுக்கு அப்படி ஒரு பொது ஏடு கிடையாது.

ஃபிலிம் ஸ்கேனர்களின் கதை இதைவிடக் கசப்பானது. பழைய கல்யாண நெகட்டிவ்களை டிஜிட்டலாக மாற்ற நிக்கானின் கூல்ஸ்கேன் வரிசை உலகெங்கும் பெயர்பெற்றது. அதற்கான நிக்கான் ஸ்கேன் மென்பொருள் 32 பிட் விஸ்டாவோடு நின்றுவிட்டது. 64 பிட் விண்டோஸுக்கு அதிகாரபூர்வமான பதிப்பு வரவே இல்லை. ஸ்கேனரின் லென்ஸும் விளக்கும் மோட்டாரும் நன்றாகவே இருக்கின்றன. ஃபிலிம் ஸ்கேனர்களில் அதன் போட்டியாளரான கோனிகா மினோல்டா 2006-இல் கேமராத் தொழிலையே விட்டு விலகியது. இப்படித் தாய் நிறுவனங்கள் கைகழுவிய ஸ்கேனர்கள் பலவற்றை, எட் ஹாம்ரிக் 1998-இல் தொடங்கிய வியூஸ்கேன் என்ற தனி மென்பொருள் இன்றைய கணினிகளிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. சிறு குழு ஒன்றால் முடிகிற காரியம் தாய் நிறுவனத்தால் முடியாமல் போனது என்றால், தடை வன்பொருளில் இல்லை என்பது தெளிவு.

ரா கோப்புகளுக்கு வரும்போது பூட்டு இன்னும் நுட்பமாகிறது. கேமராவின் சென்சார் நிறத்தை நேரடியாகப் பதிவதில்லை. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றில் ஒரு நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிறது. விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் கணித்து நிரப்புகிறது. இந்தக் கணிப்புக்கு முந்தைய மூலத் தரவுதான் ரா கோப்பு. அதைப் படமாக்க, குறிப்பிட்ட மாடலின் சென்சார் அமைப்பும் நிற அளவீடுகளும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அதை வெளியிடுவதில்லை. கேனான் மட்டுமே சிஆர்டபிள்யூ, சிஆர்2, 2018 முதல் சிஆர்3 என்று மூன்று வடிவங்களை மாற்றிவிட்டது. 2005-இல் நிக்கான் தனது டி2எக்ஸ் கேமராவின் கோப்பில் வெண்சமநிலைத் தரவை மறைகுறியாக்கி வைத்தது பெரிய சர்ச்சையானது. இதன் விளைவு ஒரு சங்கிலி. 2012-இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்6-இல் 2015-க்குப் பிறகு வெளியான கேமராக்களின் ரா கோப்புகள் திறப்பதில்லை. புதிய கேமரா வாங்கியவர் புதிய ஃபோட்டோஷாப்புக்குப் போக வேண்டும். அது புதிய விண்டோஸைக் கேட்கும். அந்த விண்டோஸ் புதிய கணினியைக் கேட்கும். கேமராவுக்கு மட்டும் பணம் எடுத்து வைத்தவர் மூன்று செலவுகளில் மாட்டிக்கொள்கிறார்.

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. அடோபி 2004-இல் டிஎன்ஜி என்ற திறந்த ரா வடிவத்தை வெளியிட்டு, மற்ற ரா கோப்புகளை அதற்கு மாற்றும் மென்பொருளையும் இலவசமாகத் தருகிறது. அதற்கும் முன்பே, 1997-இல், டேவ் காஃபின் என்ற தனிமனிதர் எந்தக் கேமராவின் ரா கோப்பையும் எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்ற குறிக்கோளோடு டிசிரா என்ற நிரலை எழுதத் தொடங்கி, அதன் மூலநிரலையும் வெளியிட்டார். அதன் வழியில் வந்தது லிப்ரா நிரல்தொகுப்பு. 2019-இல் விண்டோஸ் 10-க்கு ரா படங்களைக் காட்டும் வசதியைச் சேர்க்க மைக்ரோசாஃப்ட் பயன்படுத்தியது இந்த லிப்ராவைத்தான். கேமரா நிறுவனங்கள் சொல்லாமல் விட்டதைத் தனியாட்கள் தோண்டி எடுத்தார்கள். அதன் மேல் உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று தன் வசதியைக் கட்டிக்கொண்டது.

இயங்குதள நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. டிரைவர் கணினியின் ஆழம் வரை செல்லும் உரிமை பெற்றது; கையொப்பமில்லாத பழைய டிரைவரை அனுமதித்தால் வைரஸுக்கும் அதே வழி திறக்கும். ஆகவே பழையதை எந்நாளும் சுமந்துகொண்டிரு என்று கேட்பது நியாயமில்லை. பொதுத் தரம் இருந்தால் எதுவுமே உடையாது என்றும் சொல்ல முடியாது. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 ஆண்டுவிழா அப்டேட், ஒரே வெப்கேமைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் நோக்கில், சுருக்கிய வீடியோவை மென்பொருள்கள் நேரடியாகப் பெறும் வாயிலை அடைத்தது. பொதுத் தரப்படி செய்யப்பட்ட வெப்கேம்களும் வீடியோ அழைப்பின் நடுவே உறைந்து நின்றன. ஆனால் அடுத்து நடந்ததையும் கவனிக்க வேண்டும். எல்லோரும் ஒரே முறையில் பேசியதால் பழுதும் ஒரே இடத்தில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட திருத்தம் எல்லா நிறுவனங்களின் வெப்கேம்களுக்கும் சேர்ந்தே மருந்தானது. பொதுத் தரம் விபத்தைத் தடுக்காது. விபத்துக்குப் பின் வைத்தியத்தை எளிதாக்கும். பூட்டிய முறையில் அந்த வைத்தியத்துக்கே வழியில்லை.

பழைய கணினியை இணையத்தில் இணைக்காமல் ஒரு மூலையில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்குப் போதும். ஆனால் ஹார்டு டிஸ்க்கும் மதர்போர்டும் ஒருநாள் நிற்கும். அதே வகை உதிரிபாகம் அப்போது கிடைக்காது. இப்போது எல்லாம் செல்போன்தானே என்பது இன்னொரு கேள்வி. 2017-இல் ஐஃபோன் ஹீக் என்ற புதிய வடிவத்தில் படங்களைச் சேமிக்கத் தொடங்கியபோது, அவற்றைத் திறக்க விண்டோஸில் தனி நீட்சி நிறுவ வேண்டியிருந்தது. கருவி சிறுத்தாலும் சிக்கல் சிறுக்கவில்லை. லினக்ஸுக்கு மாறிவிடலாம் என்பாரும் உண்டு. கேமராக்களுக்கான ஜிஃபோட்டோ, ஸ்கேனர்களுக்கான சேன் ஆகிய திறந்த நிரல்களால் விண்டோஸ் கைவிட்ட பல கருவிகள் அங்கே உயிரோடு இருப்பது உண்மை. ஆனால் ஃபோட்டோஷாப்பும் ஆல்பம் மென்பொருள்களும் அங்கே நேரடியாக ஓடாது. ஸ்கேன் செய்யவும் கோப்புகளைக் காக்கவும் லினக்ஸ் உதவும். தொழில் முழுவதையும் அதற்கு மாற்றச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது.

நீண்டகாலப் பாதுகாப்பில் அனுபவமுள்ளவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இந்த வாதத்துக்கு இன்னொரு சான்று. பூதலூருக்குப் பக்கத்திலிருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலில், 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப், விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அதைப் பார்க்கக் கண் போதும். எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம். 1994-இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அரிய தமிழ் நூல்களை முதலில் மைக்ரோஃபிலிமில் பதிந்தது. அதைப் படிக்க ஒரு லென்ஸும் வெளிச்சமும் இருந்தால் போதும். பிரிட்டிஷ் நூலகத்தின் நிதித் திட்டத்தில் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோ படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டலாக்கியபோது, காப்பகத்துக்குப் போனது டிஃப் என்ற பொது வடிவம். காகிதமும் ஃபிலிமும் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் என்பது சரிதான். டெல்டாவின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த நெகட்டிவ்கள் ஏராளம். ஆனால் பூஞ்சை தற்செயலானது. பூட்டிய கோப்பின் அழிவு, செய்யும்போதே அதற்குள் எழுதி வைக்கப்பட்டது. தமிழர்களுக்கு இது தெரியாத பாடமும் இல்லை. ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் அடுத்த கணினியில் குப்பையாகத் தெரிந்த காலத்தை யூனிகோட் என்ற பொதுத் தரம்தான் முடித்துவைத்தது.

ஆகவே ஸ்டுடியோக்காரர் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. முடித்த படங்களை ஜேபெக்கிலோ டிஃபிலோ ஒரு பிரதி வைத்துக்கொள்வது, காக்க வேண்டிய ரா கோப்புகளை டிஎன்ஜிக்கு மாற்றி வைப்பது, கேபிளையும் கேமராவோடு வந்த மென்பொருளையும் நம்பாமல் கார்டு ரீடரைப் பயன்படுத்துவது, இயங்குதளத்தை மாற்றும் முன் தன் ஸ்கேனருக்கு டிரைவர் உண்டா என்று பார்த்துக்கொள்வது. ஆனால் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டுவது அநீதி. மத்திய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் அடங்கும். திருகாணியும் உதிரிபாகமும் கிடைத்து, டிரைவர் கிடைக்காவிட்டால் அந்த உரிமை பாதி உரிமைதான். ஒரு மாடலுக்கான மென்பொருளை நிறுத்தும் நிறுவனம், அது கணினியோடு பேசும் முறையையும் அதன் கோப்பு அமைப்பையும் அன்றே வெளியிட வேண்டும் என்று விதி வர வேண்டும். தொழில் ரகசியம் போய்விடும் என்ற வாதம் இங்கே நிற்காது. நிறத்தை அழகாக்கும் கணக்குகளை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். கோப்பைத் திறக்கும் வழியை மட்டும் சொன்னால் போதும். விற்பனையே நின்றுபோன மாடலில் காப்பாற்றுவதற்குப் போட்டி ரகசியம் என்று எதுவும் மிச்சமில்லை. விலை கொடுத்து வாங்கியவரின் உரிமை மட்டுமே மிச்சமிருக்கிறது.