திறமை யாருக்குச் சொந்தம்? யூத ஆசான்கள் சொன்ன கணக்கு

போனக்காடு: திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் வந்தால் போனக்காடு தேயிலைத் தோட்டம். அதற்கும் மேலே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். மலையேறும் அன்பர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். கர்வம் கொண்டு வளர்ந்த விந்தியமலை குறுமுனிவர் தெற்கே வந்தபோது தலை தாழ்ந்ததும், அவர் திரும்பாததால் அப்படியே நிற்பதும் நம் வாசகர்களுக்குத் தெரிந்த கதை.

யூதர்களிடமும் இதே சாயலில் ஒரு மலைக் கதை உண்டு. இறைவன் வேதம் அருளப்போகிறார் என்றதும் தாபோர், கர்மேல் ஆகிய மலைகள் "என்மேல்தான்" என்று போட்டியிட்டனவாம். அவர் இறங்கியதோ தன்னை ஒரு பொருட்டாக எண்ணாத சீனாய் மலையில். பூகோளப் புத்தகத்தைப் பார்த்தால் தாபோர் 600 மீட்டர்கூட இல்லை. சீனாய் என்று இன்று காட்டப்படும் மலை 2,285 மீட்டர். கதை சொன்னவர்கள் அளந்தது வேறு உயரத்தை!

பணிவு என்றால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கைகட்டி நிற்பதா? இல்லை என்கிறார்கள் யூத ஆசான்கள். போலந்து நாட்டில் வாழ்ந்த சிம்கா புனிம் (1765–1827) என்ற குரு, ஒவ்வொருவரும் சட்டைப்பையில் இரண்டு சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பாராம். உலகமே எனக்காகப் படைக்கப்பட்டது என்று ஒன்றில். நான் வெறும் புழுதியும் சாம்பலும் என்று மற்றொன்றில். எந்த நேரத்தில் எதை எடுத்துப் படிப்பது என்பதில்தான் சாமர்த்தியம்.

அப்படியானால் கையில் இருக்கும் திறமை? அது இறைவன் ஒப்படைத்த பொருள். பாலைவனத்தில் வழிபாட்டுக் கூடாரம் அமைத்த பெசலெயேலுக்குப் பொன்வேலை, மரவேலை, கல்வேலை எல்லாம் கைவந்ததற்கு இறைவனின் ஆவியே காரணம் என்கிறது யாத்திராகமம். பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனமும் அவனுக்கும் அவன் துணைவன் அகோலியாபுக்கும் அருளப்பட்டது என்று கூடவே சொல்கிறது. இந்த இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

கற்றுத்தர மறுத்தவர்கள்

கி.பி. 70இல் அழிந்த எருசலேம் ஆலயத்தைப் பற்றித் தால்முத் நூல் ஒரு சுவையான வழக்கைச் சொல்கிறது. ஆலயத்து அப்பம் சுடுவது கார்மு குடும்பத்தாரின் வேலை. அந்தப் பக்குவத்தை அவர்கள் வெளியாருக்குக் கற்றுத்தர மறுத்தார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். அவர்கள் சுட்ட அப்பம் பூஞ்சை பிடித்தது. பழையவர்களை அழைத்தால் வரவில்லை. நாளொன்றுக்கு 12 மானேயாக இருந்த கூலியை 24 ஆக்கிய பிறகே வந்தார்கள். தொழிலாளிக்குப் பேரம் பேசும் பலம் எங்கிருந்து வருகிறது என்பது அன்றே தெரிந்திருக்கிறது!

ஏன் கற்றுத்தரவில்லை என்று கேட்டதற்கு அவர்களிடம் பதில் இருந்தது. ஆலயம் ஒருநாள் அழியும். தகாதவன் கற்றுக்கொண்டு பொய்த் தெய்வத்துக்குப் பயன்படுத்துவான் என்றார்கள். தூபம் செய்த அப்தினாஸ் குடும்பத்தாரும் அதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டு மணப்பெண்கள் வாசனைப் பொருள் பூசியதே இல்லை. ஆலயத்துத் தூபத்தை எடுத்தார்கள் என்று யாரும் பேசிவிடக்கூடாதாம். இந்த நாணயத்தை ஆசான்கள் மெச்சினார்கள். நான்கு பேனாவை விரல்களுக்கிடையே பிடித்து நான்கெழுத்துச் சொல்லை ஒரே வீச்சில் எழுதிய பென் காம்சாரிடம் மட்டும் பதிலே இல்லை. அவர் பெயர் இழிவாகவே நின்றுவிட்டது.

என் அபிப்பிராயத்தில் கார்மு குடும்பத்தார் சொன்னது பாதிதான் நியாயம். ஆலயம் போனது, அப்பத்தின் பக்குவமும் போனது.

போனக்காட்டுக்காரர்களுக்கு இது தூரதேசக் கதையாகத் தோன்றாது. கொழுந்தை வாட்டி, சுருட்டி, புளிக்கவைத்து, எந்த நிமிடத்தில் உலர்த்தியில் போடுவது என்பதை மூக்காலும் கையாலும் அறிவது ஒரு வித்தை. மூத்தவர் பக்கத்தில் நின்றுதான் இளையவர் அதைப் பிடிக்க வேண்டும். தொழிற்சாலை ஓய்ந்தபோது பக்கத்தில் நிற்க இடமில்லாமல் போயிற்று.

பெயரில்லாத பாட்டுக்காரிகள்

கேரளத்திலேயே வேறுவிதமாக நடந்தவர்கள் கொச்சி யூதப் பெண்கள். கலியாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாட்டுக் கட்டினார்கள். வேதக் கதைகளும் தங்கள் ஊர்த் தேவாலயங்களின் கதைகளும் அதில் வரும். பெரும்பாலான பாட்டுகளுக்கு இயற்றியவர் பெயர் இல்லை. தாயின் நோட்டிலிருந்து மகள் எழுதிக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரியும் எழுதிக்கொண்டாள். யாரும் கையை மூடவில்லை.

1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் உடன் போயின. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு மலையாள எழுத்து தெரியவில்லை. ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பாட்டுகள் பலவற்றைத் தொகுத்து, எபிரேய மொழிபெயர்ப்புடன் 'கார்குழலி' என்ற பெயரில் 2005இல் எருசலேமில் வெளியிட்டார்கள்.