குழந்தைக் களவு

களவு என்பது பிறனுடைய பொருளை அவன் இசைவின்றிக் கவர்தல். மாடு, பொன், ஆடை யாவும் பொருளே. பெற்ற பிள்ளை பொருளாகுமா? ஆகாது என்றே ஆங்கில நாட்டுச் சட்டம் நெடுங்காலம் கருதி வந்தது. மகவு எவர்க்கும் உடைமையன்று. உடைமையல்லாததைத் திருடுதலும் இயலாது. கருத்து உயர்ந்ததே. ஆயின் அதன் விளைவைப் பாருங்கள். தெருவில் விளையாடிய பிள்ளையைத் தூக்கிச் சென்றவர்மீது, அப்பிள்ளை உடுத்திருந்த சட்டையைத் திருடியதாகவே களவுக் குற்றஞ் சாட்ட முடிந்தது. சட்டைக்கு விலையுண்டு, பிள்ளைக்கு இல்லை! விலைமதிப்பற்ற செல்வம் என்று நாம் கொஞ்சுகின்றோமே, அவ்விலையின்மையே நீதிமன்றத்திற் பிள்ளைக்குப் பகையாயிற்று.

1811ஆம் ஆண்டில் இலண்டனிலே களவுபோன ஒரு சிறுவன், கொஸ்போட் என்னுந் துறைமுக ஊரில் ஒரு கடலோடியின் மனைவியிடம் கண்டுபிடிக்கப்பட்டான். தனக்கொரு மகன் பிறந்தான் என்று கடல்மேற் சென்ற கணவனை அவள் நம்பச் செய்திருந்தாள் என்பர். 1814இல் பாராளுமன்றம் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் களவாடுதலைத் தனிக் குற்றமாக்கிற்று. தண்டனையோ பெருங்களவுக்குரியதே. 1861ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதெல்லையை 14 ஆக உயர்த்திற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைத் தழுவி, 1883இல் இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவை ஆக்கப்பட்டது. ஆணாயின் 14, பெண்ணாயின் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாதுகாவலரின் இசைவின்றிக் கொண்டு செல்லுதல் மட்டுமன்றி, ஆசை காட்டி அழைத்துப் போதலும் அதன்படி குற்றம். தண்டனை ஏழாண்டுச் சிறைவரை செல்லும். வன்முறை வேண்டியதில்லை, பிள்ளை விரும்பியே வந்தது என்னும் வாதமும் செல்லாது.

இவ்விதியின் அருமையை யான் சட்டநூலிற் கற்கவில்லை. பல்லாண்டுகளின் முன் யான் கற்பித்த ஒரு பாடசாலைக்கு, மாமன் என்று சொல்லி ஒருவர் வந்தார். கையிலே தோடம்பழ இனிப்பு. பிள்ளை சிரித்துக்கொண்டே அவர் விரலைப் பற்றிற்று. தாயை அழைத்து வரும்வரை பொறுங்கள் என்றேன். தாய் வருமுன் அவர் போய்விட்டார். அப்படியொரு மாமன் இல்லை என்று அவள் சொன்னபோது என் கால்கள் நடுங்கின. பிள்ளையின் சம்மதம் எத்துணை எளிதாகக் கிடைத்துவிட்டது!

எனினும் ஒரு குறை உண்டு. சட்டம் கேட்பது, பாதுகாவலர் இசைந்தாரா என்பதையே. இலக்கண முறையிற் சொன்னால், பிள்ளை அவ்வாக்கியத்திலே வெறுஞ் செயப்படுபொருள். இந்தியாவில் 1949இல் வயதெல்லைகள் 16, 18 என உயர்ந்தன. 2024 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சங்கிதை ஆண் பெண் வேற்றுமையை நீக்கி, 18 வயதுக்குட்பட்ட யாவரையும் பிள்ளை என்றே கொண்டது. பாதுகாவலரின் இசைவு என்னுஞ் சொற்றொடர் அப்புதிய நூலிலும் மாறவில்லை.