எலும்பு, உறை, வடம்: முதுகுத்தண்டுக் கட்டிகளை அறிதல்

புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்க்கும் செம்பனைக் குலை சுமந்தவர்க்கும் முதுகுவலி புதியதன்று. எல்லா வலியையும் ‘வேலை வலி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மிக அரிதாக அவ்வலி முதுகுத்தண்டில் வளரும் கட்டியால் விளைவதுண்டு. அப்போது அப்பொதுச்சொல் நோயை மறைத்துவிடுகிறது.

‘முதுகுத்தண்டு’ என நாம் வழங்குவதனுள் மூன்று பொருள்கள் உள்ளன. புறத்தே அடுக்கிய முள்ளெலும்புகள். அவற்றினுள் ஓர் உறை. உறையினுள் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம். கட்டி எவ்விடத்தது என்பதே மருத்துவரின் முதல் வினா. உறைக்கு வெளியே காணப்படுவன பெரும்பாலும் நுரையீரல், மார்பகம் முதலிய பிற உறுப்புகளிலிருந்து பரவிய புற்று. உறைக்குள், வடத்திற்குப் புறத்தே வளர்வனவற்றுட் பெரும்பாலானவை புற்றல்லாதவை. எனினும் வடத்தை அழுத்திக் கால்களை முடக்க வல்லவை. வடத்தினுள்ளேயே தோன்றுவன மிக அரியன. ஆகவே ‘கட்டி’ என்பதும் ‘புற்று’ என்பதும் ஒருபொருட் சொற்களல்ல.

1887ஆம் ஆண்டு இலண்டனில், கால்கள் செயலிழந்த படை அதிகாரி ஒருவரை வில்லியம் கவர்ஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். எக்ஸ் கதிர் கண்டறியப்படாத காலம் அது. வலி எங்கே, உணர்ச்சி எந்த மட்டத்தில் மறைகிறது என்பவற்றைக் கொண்டே கட்டியின் இடத்தை அவர் உய்த்துணர்ந்தார். அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி முதலில் திறந்த இடத்தில் கட்டி காணப்படவில்லை. சற்று மேலே திறந்தபோது கண்டு நீக்கினார். நோயாளி மீண்டும் நடந்தார்.

இன்று எம்.ஆர்.ஐ. படம் இடத்தைக் காட்டுகிறது. நுண்ணோக்கியின் துணையுடன் கட்டி அகற்றப்படுகிறது. திசுவை ஆய்ந்தபின், தேவையாயின் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. ஆயினும் படம் எடுக்கத் தூண்டுவது பெரும்பாலும் நோயாளியின் சொல்லே.

அச்சொல் இங்கு மொழிமாற்றத்தில் தேய்கிறது. ‘கால் மரத்துப் போகிறது’ என்கிறார் பாட்டி. உடன் சென்ற பேரன் மருத்துவரிடம் மலாயில் ‘சாக்கிட்’ என்கிறான். அது வலியைக் குறிப்பது. மரத்தல் ‘கெபாஸ்’, வலுக்குறைதல் ‘லெமா’. மூன்றும் வெவ்வேறு குறிகள்.

படுத்தாலும் தணியாது இரவில் மிகும் வலி, கால் மரத்தல், நடை தளர்தல் ஆகியவற்றைத் தனித்தனியே சொல்லுதல் வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ தடைப்பட்டாலோ அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். அழுத்தம் நீடித்தால் இழந்த ஆற்றல் மீளாமற் போகலாம்.

ஆசிரியர்களே, பொருள் வேறுபாட்டை வகுப்பில் கற்பிக்கும்போது இச்சொற்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளுங்கள். மாணவர்களே, வீட்டுப் பெரியோருடன் மருத்துவரிடம் செல்லும்போது அவர் சொன்னதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.